புருவம் அசையாத வீடு

கதவைத் திறந்த பெண் சிரித்தாள். உதடு விரிந்தது, பல் தெரிந்தது, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி மேலே ஏறவே இல்லை. கன்னம் தன் பாட்டுக்கு இருந்தது, கண் தன் பாட்டுக்கு இருந்தது. வேறு யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பிரிஸில்லா கவனித்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள் அவள். ஒரு முகம் பேசுகிறதா, சும்மா இருக்கிறதா என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. பென்சன் டவுனின் குறுக்குத் தெரு ஒன்றில் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த பழைய வீடு. மழை வரப்போகிற மூட்டத்தில் அதற்குள் இப்போதே இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் போர்டு எதுவும் இல்லை, வீட்டு நம்பர் மட்டும்தான். ஆட்டோக்காரர் இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி பிரிஸில்லாவுக்குக் கல்யாணம். வயது நாற்பத்தெட்டு, முதல் கணவர் இறந்து ஒன்பது வருஷம். மாப்பிள்ளை கில்பர்ட், சர்ச் பாடகர் குழுவில் அவளுக்குப் பின் வரிசையில் நின்று எப்போதும் அரைத் தாளம் பிந்திப் பாடுகிறவர். அவளுடைய புருவங்களுக்கு நடுவே இரண்டு ஆழமான கோடுகள், அதற்கு மேல் நெற்றியில் குறுக்கே மூன்று. பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமானால் கையோடு புருவமும் சேர்ந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு விழுந்த கோடுகள் அவை. ஊசி போட்டால் கொஞ்ச நாளைக்கு இளகும் என்றார்கள். இளகட்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசையில் அவளுக்கு வெட்கம் எதுவும் இல்லை.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் யூஜின், இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா என்று போனில் இழுத்தான். "இந்த வயசுலதான்டா எனக்குக் கல்யாணம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கூட வேலை செய்யும் டோரீன் மட்டும் உற்சாகமாக இருந்தாள். கல்யாணப் பொண்ணு நெத்தியில எதுக்குடி ஒக்கலிபுரம் ரயில்வே ட்ராக்கு என்று கேட்டு, அவளே இந்த இடத்தின் நம்பரையும் கொடுத்தாள். டோரீனுக்கு அதை பார்லர் பெண் கொடுத்திருந்தாள். பார்லர் பெண்ணுக்கு ஏதோ வாட்ஸப் குரூப்பில் வந்ததாம். ஊசி போடுகிற மேடம் நம்மாளுங்கதான், நம்ம சர்ச் பக்கம்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது போதுமாக இருந்தது. பல் பிடுங்க நாலு டாக்டரை விசாரித்தவள், முகத்தைக் கொடுக்க ஒருவரையும் விசாரிக்கவில்லை.

கில்பர்ட் மட்டும் காலையில் ஒன்று சொன்னார். "எனக்கு அந்தக் கோடு பிடிக்கும். ஆனா உன் மூஞ்சி, உன் இஷ்டம். ஊசி போடறவங்க டாக்டரா, பேரு என்ன, ரிஜிஸ்டர் நம்பர் என்னன்னு கேட்காம மட்டும் தலையைக் கொடுத்துடாத." கேள்வி கேட்பதுதான் தன் பிழைப்பே என்று அவள் சிரித்தாள்.

கூடத்தில் மல்லிகை ரூம் ஸ்ப்ரேயின் இனிப்பு வாசனை மூக்கில் வந்து ஒட்டியது. அதற்கு அடியில் ஸ்பிரிட் வாசனை. அதற்கும் அடியில், கரண்ட் போன வீட்டில் இரண்டு நாள் கழித்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருமே, குளிர்ந்து கெட்டுப்போன அந்த வாடை. சுவரோரம் நீளமான சோபா, நாலைந்து நாற்காலிகள். ஆறு பெண்கள் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ காமெடி ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் வழுக்கி விழுந்தான். ஆறு பேரும் சிரித்தார்கள்.

சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. ஹ, ஹ, ஹ. முகங்கள் அப்படியே இருந்தன.

பிரிஸில்லா ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அமைதி அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய வகுப்பில் குரல் கிடையாது என்றாலும் அங்கே ஒரு நொடிகூடச் சும்மா கழியாது. பெஞ்சைத் தட்டுவார்கள், காலை உதைப்பார்கள், பதினாலு முகங்கள் ஒரே நேரத்தில் கோள்சொல்லும், கெஞ்சும், பொய் சொல்லும். இங்கே டிவி அலறியும் கூடம் காலியாக இருந்தது. வெவ்வேறு வயது, வெவ்வேறு நிறம், ஆனால் ஆறு நெற்றிகளும் ஒரே மாதிரி, தேய்த்துக் கழுவிய பீங்கான் தட்டு மாதிரி. எல்லோருக்கும் கண் ஈரமாக மினுங்கியது. ஏன் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. யாரும் இமைக்கவில்லை.

அப்போதுதான் ஓரத்தில் இருந்தவளை அடையாளம் தெரிந்தது. சங்கமித்ரா. பிரிஸில்லாவிடம் மூன்றாவது படிக்கும் நாகேஷின் அம்மா. சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். பிள்ளையோடு பேச அம்மாமார்களுக்குச் சைகை கற்றுக்கொடுத்தபோது எல்லோரையும்விட வேகமாகக் கற்றவள், எதற்கெடுத்தாலும் முகமெல்லாம் சிரிப்பவள். இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அவளைக் காணோம். அப்பாதான் வருகிறார். நாகேஷிடம் ஒரு நாள் விசாரித்தபோது அவன் 'அம்மா' என்று காட்டினான். பிறகு உள்ளங்கையால் தன் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை வழித்து எடுத்தான். பிறகு, 'வீட்டில் வேறு யாரோ' என்றான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"சங்கமித்ரா, நல்லாயிருக்கியாம்மா?"

முகம் மெதுவாகத் திரும்பியது. அதில் கோபமில்லை, மகிழ்ச்சியில்லை, யார் நீ என்றுகூட இல்லை. ஆனால் மடியில், முந்தானைக்குக் கீழே, அவளுடைய வலது கை அசைந்தது. விரல்கள் வாசல் பக்கம் உதறின. மறுபடி. மறுபடி.

போ. போ. போ.

பிரிஸில்லா எழுந்தாள். அதற்குள் கதவைத் திறந்துவிட்ட பெண் தோளைத் தொட்டு, மேடம் கூப்பிடறாங்க என்றாள்.

உள்ளறையில் சாய்வு நாற்காலி ஒன்று. அதன் மேல் ஒரு வெள்ளை விளக்கு. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் எதுவும் இல்லை, நிலைக்கண்ணாடிகூட இல்லை. மேடத்துக்கு முப்பது வயதும் சொல்லலாம், அறுபதும் சொல்லலாம். வழவழவென்றிருந்த அந்த முகத்திலிருந்து வந்த குரல் மட்டும் பாகு மாதிரி இனித்தது. உட்காரும்மா, ரெண்டே நிமிஷம், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளைக்கே அடையாளம் தெரியாது என்றது. கல்யாணம் என்று பிரிஸில்லா இவளிடம் சொல்லவில்லை. டோரீன் சொல்லியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பக்கத்தில் எவர்சில்வர் தட்டு. அதில் ஊசி ஏற்கெனவே நிரப்பித் தயாராக இருந்தது. மருந்துக் குப்பி எங்கே என்று பிரிஸில்லா கேட்டாள். உள்ளே இருக்கிறது என்றாள் மேடம். என்ன மருந்து, எந்தக் கம்பெனி என்றாள். எல்லாரும் போடறதுதான். பில் தருவீர்களா என்றாள். நம்மாளுங்களுக்குள்ள எதுக்கும்மா அதெல்லாம். ஒவ்வொரு பதிலுக்கும் மேடம் ஓரடி நெருங்கி வந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரை ஓட்டில் சடசடவென்று விழுந்த சத்தத்தில் டிவி கேட்காமல் போயிற்று. விளக்கு ஒரு முறை துடித்து அணைந்தது.

"நீங்க டாக்டரா?" என்றாள் பிரிஸில்லா.

"நம்பிக்கை வேணும்மா."

"நம்பிக்கை அப்புறம். பேரு சொல்லுங்க. ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் ஊசி முனை மட்டும் தெரிந்தது. அது உயர்ந்தது. கண்ணை மூடும்மா என்றது குரல். அதே இனிப்பு.

வாசலில் ஏதோ உரசியது. திரும்பினாள். ஆறு பேரும் அங்கே நின்றார்கள். எப்போது எழுந்தார்கள், தெரியவில்லை. காலடிச் சத்தமே கேட்கவில்லை. கதவு இருந்த இடம் முழுக்க முகங்கள்.

பயம் அதன் உச்சிக்குப் போன அந்த நொடியில் அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். பதினாலு பிள்ளைகளையும் ஒரே பார்வையில் உட்கார வைக்கிற கோபம்.

"இது எம் மூஞ்சி" என்றாள். "கையை எடுங்க."

ஊசி பிடித்த கையையும் தட்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டாள். எவர்சில்வர் தரையில் உருண்டது. அவள் புருவம் நெரிந்தது. ஐந்து கோடுகளும் எழுந்து நின்றன.

ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள். பசித்தவன் சோற்றைப் பார்ப்பது போல. முதலில் ஒரு கை நீண்டது. பிறகு இன்னொன்று. குளிர்ந்த விரல்கள் அவள் நெற்றியைத் தொட்டன. கோட்டின் மேல் நகர்ந்தன. இந்தக் கோடு. அந்தக் கோடு. தடவித் தடவி. ஒருத்தி தொண்டைக்குள் முனகினாள்.

பிரிஸில்லா கண்ணை மூடவில்லை. அந்தக் கைகளுக்கு நடுவே சங்கமித்ராவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள்.

"வா, போலாம்."

இழுத்தாள். இடித்தாள். தோளால் முட்டினாள். மேடம் உட்பட யாரும் தடுக்கவில்லை. விரல்கள் மட்டும் கடைசிவரை அவள் முகத்தைவிட்டுப் போக மனமில்லாமல் பின்னால் வந்தன. செருப்பைத் தேடவில்லை. மழைக்குள் ஓடினார்கள்.

ஆட்டோவில் சங்கமித்ரா அழுதாள். கண்ணீர் கொட்டியது, முகம் அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல இருந்தது. பேசும்போது உதடு கொஞ்சமாகப் பிரிந்தது, அவ்வளவுதான்.

"ஒரே வாட்டிதான் போட்டேன் மிஸ். தங்கச்சி கல்யாணத்துக்கு."

"எப்போ?"

"நாகேஷ் ஒண்ணாவது சேந்தப்போ. மருந்து எறங்கிடும், எறங்கிடும்னு சொல்லி ஒவ்வொரு சனிக்கிழமையும் வரச்சொல்றாங்க. எம் புள்ள எங்கிட்ட வரமாட்டேங்கறான் மிஸ்."

இந்த ஊசியின் வேலை மூன்று மாதம், மிஞ்சினால் நாலு மாதம்தான் இருக்கும் என்று பிரிஸில்லா படித்திருந்தாள். அதைச் சொல்லவில்லை. கில்பர்ட்டுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை சாயங்காலமும் தோல் டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். ஆட்டோ அங்கே போய்ச் சேருவதற்குள் அவர் டோக்கனே போட்டு வைத்திருந்தார்.

அறைக் கதவிலேயே பெயர் இருந்தது. டாக்டர் ரக்ஷிதா, எம்.டி., தோல் மருத்துவம். அதற்குக் கீழே மெடிக்கல் கவுன்சில் பதிவு எண். வெறுங்காலும் ஈரப் புடவையுமாக நின்றுகொண்டு பிரிஸில்லா அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். உள்ளே போனதும் திரும்பவும் கேட்டாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கன்னட வாடை அடிக்கும் தமிழில், கேளுங்கம்மா, கேட்கலேன்னாதான் தப்பு என்று சொல்லி, சுவரில் இருந்த சான்றிதழைக் காட்டினார்.

சங்கமித்ராவைப் படுக்கவைத்து விளக்கைக் கிட்டே இழுத்தார். புருவத்தை உயர்த்தச் சொன்னார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். கன்னத்தை உப்பச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. ரெண்டு வருஷம் நிக்கிற மருந்து இது இல்ல, எந்த மருந்தும் இப்படி நிக்காது என்றார். குரலில் குழப்பம் இருந்தது. பயம் இன்னும் வரவில்லை. கையுறை போட்ட கட்டைவிரலை நெற்றியின் நடுவில் வைத்து லேசாக அழுத்தினார்.

அழுத்திய இடம் அமுங்கியது.

பக்கத்தில் எழும்பியது.

டாக்டர் கையை எடுத்தார். எழும்பியது அடங்கவில்லை. நகர்ந்தது. வழவழப்பான தோலுக்கு அடியில், ஈரத் துணிக்குப் பின்னாலிருந்து யாரோ முகத்தை அழுத்துவது போல, முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு நெரிந்த புருவம். பிறகு வாய். கன்னத்துக்கு நடுவில், அது இருக்கவேண்டிய இடத்திலிருந்து விலகி, முழுசாகத் திறந்த வாய். கத்திக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

டாக்டரின் நாற்காலி சுவரில் போய் இடித்தது.

பிரிஸில்லா பார்வையைத் திருப்பவில்லை. சங்கமித்ராவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். மேலே இருந்த முகம் அசையாமல் கூரையைப் பார்த்துக் கிடந்தது. அடியில் இருந்த முகம் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பியது. நெற்றியிலிருந்து மெல்ல, மெல்லக் கீழே வழுக்கி, மூடாத இரண்டு கண்களின் ஓட்டைகளைத் தேடித் தடவிக்கொண்டு வந்தது.