இடது கையுறை

அந்த ஆய்வகத்தில் இடது கையுறைக்குள் எவரும் கை விடுவதில்லை. சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளில் இது இல்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததுமில்லை. மூன்று மாதப் பயிற்சிக்காகக் கடல் கடந்து வந்திருந்த பொறியியல் மாணவி, மற்றவர்கள் ஒற்றைக் கையால் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்து, முதல் வாரத்திலேயே தன் இடது கையை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

கையுறைகள் இரண்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முகப்பில் பொருத்தப்பட்டவை. உள்ளே லேசர் ஒளி டைட்டானியக் கலப்புலோகத் தூளை உருக்கித் தகட்டின்மேல் பூச்சாகப் படியவைக்கும். சூடான டைட்டானியம் காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பெட்டி முழுக்க ஆர்கான் வாயு. அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடுதல். ஆகவே ஆள் இல்லாத கையுறை உப்பி, அறையை நோக்கி விறைத்து நிற்க வேண்டும். வலது கையுறை அப்படித்தான் நின்றது. இடது கையுறையோ உள்ளேயே, முழங்கை மடங்கி, விரல்கள் லேசாகக் குவிந்து, பெட்டியின் தரையில் கிடந்தது.

வாயுக்கசிவு என்று அவள் இரண்டு முறை புகார் எழுதினாள். தொழில்நுட்பர் பெட்டியின் பக்கம் திரும்பாமலே 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்திட்டுப் போனார்.

அவளுக்கு அதைவிடப் பெரிய எரிச்சல் இருந்தது. நாற்பத்தொரு தகடுகள்; நாற்பத்தொன்றிலும் விரிசல். ஒளியின் திறனைக் கூட்டினாள், குறைத்தாள், தூளைச் சலித்தாள். குற்றம் பூச்சில் இல்லை, பிடிப்பில் இருந்தது. மெல்லிய தகட்டை ஒரு கை அழுத்திப் பிடிக்க, மறு கை திருகை முடுக்க வேண்டும். இல்லையேல் சூட்டில் தகடு வளைந்து பூச்சு வெடிக்கும். விரிசலற்ற ஒரே ஒரு தகடு கிடைத்தால்தான் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் தருவார். கடிதம் இல்லையென்றால் மேற்படிப்பு இல்லை. மீதமிருந்தது ஒரு நாள், ஒரு தகடு. பூச்சு பூசவா பிளேன் ஏறிப் போனாய், நம் வீட்டுச் சுவருக்கே ஆள் கிடைக்கவில்லையே என்று தம்பி தொலைபேசியில் கேலி செய்தபோது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மேசையில் ஆய்வு செய்துகொண்டிருந்த மூத்த தமிழ் மாணவரை அவள் அண்ணா என்பாள். அவர் அவளுக்கு வைத்த பெயர் 'விரிசல்'.

"ஒத்தக் கையால எப்படிண்ணா முடுக்குறது?"

"தடிச்ச தகடா எடுத்துக்கோ, விரிசல்."

"என் தலைப்பே மெல்லிய தகடுதானே. இன்னொரு கையையும் விட்டா என்ன?"

அவர் பேனாவை மூடினார். "வேலையைப் பாரு," என்றார். குரலில் கேலி இல்லை.

கடைசி நாள், பிற்பகல் மூன்று மணி. ஜன்னல் நிறைய வெயில். ஆர்கான், உறங்குபவரின் மூச்சைப்போல நீளமாக இழைந்துகொண்டிருந்தது. ரப்பர் வாடையோடு, வெகுநேரம் பொத்திவைத்த உள்ளங்கையின் வியர்வை வாடையும் கலந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. காலையில் குவிந்திருந்த விரல்கள் இப்போது விரிந்திருந்தன.

எல்லோரும் பார்க்க, வலது கையை நுழைத்துத் தகட்டை அழுத்தினாள். பிறகு இடது கையைப் பையிலிருந்து எடுத்தாள். யாரோ ஒரு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

"வேண்டாம்மா," என்றார் அண்ணா.

"எனக்கு ரெண்டு கை வேணும்ணா."

நுழைத்தாள்.

உள்ளே வெதுவெதுப்பு. இறுக்கம். இடமில்லாத இடத்தில் அவள் விரல்களுக்கு மட்டும் யாரோ ஒதுங்கி இடம் விட்டதைப்போல. ஸ்பேனர் எழுந்தது. அவள் எடுக்கவில்லை. திருகு இறுகியது, ஒரு சுற்று, அரைச் சுற்று, அளவாக. தகடு இம்மியும் பிசகாமல் படிந்தது.

இடது கையை வெடுக்கென்று இழுத்தாள். சுலபமாக வந்துவிட்டது. எண்ணினாள். ஐந்து விரல்கள். மூச்சு வந்தது.

தலைநிமிர்ந்தாள். அறையில் எல்லோரும் குனிந்திருந்தார்கள். அண்ணாவும்.

பெட்டிக்குள் இடது கையுறை ஸ்பேனரைச் சத்தமின்றிக் கீழே வைத்தது. தகட்டின் மேலாக நகர்ந்தது. வலது கையுறையின் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாகத் தன் விரல்களைக் கோத்துக்கொண்டது.

வலது கையுறைக்குள் அவள் கை இருந்தது.