கோயில்வரை ஓடும் கார்

அப்பாவின் கார் மறுபடியும் நன்றாக ஓடியது. அதுதான் ரூபிக்குப் பயமாக இருந்தது.

"பாத்தியே பிள்ளை? கோயிலடிவரைக்கும் ஓடிப்போட்டு வாறன். ஒரு இருமல்கூட இல்லை!" என்று அப்பா காரைத் தட்டிக்கொடுத்தார்.

ரூபி சிரிக்கவில்லை. போன தடவையும் அப்பா இதையேதான் சொன்னார். அதற்கு முந்திய தடவையும் இதையேதான் சொன்னார்.

ரூபியின் முழுப்பெயர் ஜெயரூபினி. வயது பத்து. மாத்தளனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் வீடு. அப்பா மரியநேசன் கடற்தொழிலாளி. கடலுக்குப் போகாத நாட்களில் தன் பழைய ஒஸ்ரின் காரில் ஊராட்களை ஏற்றி இறக்குவார். ஊரில் இருப்பது அந்த ஒரு கார்தான். ஆகவே அது இருமினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

சென்ற வருடம் அது இருமவில்லை. ஒரேயடியாக நின்றுவிட்டது.

அன்று அம்மாவுக்குப் பிரசவ வலி வந்திருந்தது. அம்புலன்ஸ் வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு தூரம் போயிருந்தது. அப்பா அம்மாவைக் காரில் ஏற்றினார். முள்ளிவாய்க்காலைத் தாண்டியதும் கார் நின்றது. வேறு வாகனம் கிடைத்து முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. ரூபியின் தம்பி உயிரில்லாமல் பிறந்தான்.

அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. தம்பியைப் புதைத்த அன்று அப்பா மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இனி என்ர கார் வழியில நிக்காது, நிறஞ்சனா."

கார் எதனால் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அப்பா பழசாகத் தெரிந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்டத் தொடங்கினார். எறிந்தவற்றில் நல்லவையும் இருந்தன. அது பிறகுதான் தெரிந்தது.

அப்படி மாற்றியதில் ஒன்று கொண்டென்சர். பெருவிரல் அளவிலான ஒரு சின்ன உருளை. எஞ்சினுக்குள் தீப்பொறி சரியாக விழ அது வேண்டும். பழையது எத்தனையோ வருடம் உழைத்தது. பளபளக்கும் பெட்டியில் வந்த புதியது ஒரு கிழமைகூட உழைக்கவில்லை. அப்பா பரந்தனுக்குப் பஸ் ஏறிப் போய் இன்னொன்று வாங்கி வந்தார். அதுவும் போய்விட்டது. திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் பெட்டியைத் தொட்டும் பார்க்கவில்லை.

இப்போது பூட்டியிருப்பது மூன்றாவது.

"பெட்டி வடிவாத்தான் இருக்கு, நேசன்," என்று மெக்கானிக் கணபதி தலையைச் சொறிந்தார். "உள்ளுக்க என்ன வைச்சிருக்கிறாங்கள் எண்டுதான் தெரியேல்லை. வழியில நிண்டது எண்டு சொல்லுறீர். நான் வந்து பாக்கேக்க நல்லா ஓடுது. நான் எதைத் திருத்திறது?"

அப்பா ஒவ்வொரு தடவையும் கோயில்வரை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்தார். அந்தக் கரையில் அதுதான் வழக்கம். படகில் புது எஞ்சின் பூட்டினால் ஒருவரும் உடனே ஆழ்கடலுக்குப் போவதில்லை. கோயில் தெரியும் தூரத்துக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் நின்றுபோனாலும் துடுப்பு வலித்துக் கரைக்கு வந்துவிடலாம் அல்லவா? கடலுக்கு அது நல்ல புத்தி. அப்பா அதே புத்தியைக் காருக்கும் வைத்திருந்தார்.

அம்மாவுக்கு மறுபடியும் பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு கிழமைதான், பதினாலு நாள்தான் இருந்தது.

ரூபி குசினிக்குள் போனாள். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"அம்மா, இந்தக் காரிலயோ ஆசுபத்திரிக்குப் போகப்போறியள்?"

அம்மாவின் கத்தி நின்றது. "மெல்லக் கதை. அப்பாவுக்குக் கேக்கும்."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். இரவில நித்திரையே வாறேல்லை." அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "கிறேஸ் பெரியம்மா தன்ர வீட்டை வந்து நிக்கச் சொல்லி எத்தினை தரம் கேட்டிட்டா. முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கையில வீடு. ஆனா நான் போறன் எண்டு சொன்னா, காரை நம்பேல்லை எண்டு அப்பா நினைக்கமாட்டார். தன்னை நம்பேல்லை எண்டுதான் நினைப்பார்."

அப்பாவும் பாவம். அம்மாவும் பாவம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால், வயிற்றில் இருக்கும் பிள்ளை என்ன செய்யும்?

வெளியே அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மாவைக் கோயிலுக்கோ கொண்டுபோகப் போறியள்?"

"என்ன விசர்க் கதை? ஆசுபத்திரிக்குத்தான்."

"அப்ப ஏன் கோயிலுக்கு ஓடிப் பாக்கிறியள்? அம்மாவை ஏத்தாமல், நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா ஆசுபத்திரிக்குப் போட்டு வருவமே?"

அப்பா துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று ரூபி நினைத்தாள்.

"சரி, ஏறு," என்றார்.

நல்ல வெயில். கார் புதுக்குடியிருப்பைத் தாண்டியது. முள்ளிவாய்க்காலும் வந்தது. சென்ற வருடம் கார் நின்ற இடத்தைக் கடந்ததும் அப்பா பெரிய மூச்சு விட்டார். மெல்லப் பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

வட்டுவாகல் பாலத்தின் நடுவில் கார் ஒருதடவை குலுங்கியது. பிறகு நின்றது.

அப்பா திறப்பைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். பாலம் ஒடுக்கமானது, ஒரு வாகனம் நின்றால் இன்னொன்று போக முடியாது. இரண்டு பக்கமும் தண்ணீர். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது.

நடத்துநர் இறங்கி வந்தார். "என்ன அண்ணை, பாலத்தைக் குத்தகைக்கு எடுத்திட்டியளோ?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே இறங்கி வந்து தள்ளவும் செய்தார்கள். ரூபியும் தள்ளினாள். காரின் தகரம் கையைச் சுட்டது. அக்கரைக்குத் தள்ளி ஓரமாக விட்டதும், பஸ் அவர்களைத் தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டது.

அப்பா நிலத்தில் குந்தினார்.

"இண்டைக்கு அம்மா உள்ளுக்க இருந்திருந்தா..." என்றார். அப்பா அழுததை ரூபி அன்றுதான் பார்த்தாள்.

அவளுக்கும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் போய் இருந்தாள்.

"அப்பா, சூடானாத்தான் அந்தக் கொண்டென்சர் நிண்டுபோகுது போல. கோயிலுக்குப் போறதுக்குள்ள எஞ்சின் சூடாகிறேல்லை. கணபதி மாமா வரேக்க ஆறியிடும். பிழை உங்களில இல்லை."

"நிக்காது எண்டு அம்மாட்டைச் சொன்னனான், பிள்ளை."

"அம்மாவுக்குக் கார் தேவையில்லை, அப்பா. ஆசுபத்திரிக்குக் கிட்ட இருந்தாப் போதும். நாளைக்கே கிறேஸ் பெரியம்மா வீட்டை போகட்டும். பஸ்ஸில போகட்டும்."

"அப்ப நான் என்னத்துக்கு?"

ரூபி கொஞ்சம் யோசித்தாள். "அம்மான்ர பையளைத் தூக்க."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஆனால் தலையை ஆட்டினார்.

எஞ்சின் ஆறியதும் கார் ஒன்றும் நடக்காததுபோலப் பற்றிக்கொண்டது. அதைப் பார்க்க ரூபிக்கு ஆத்திரமாக வந்தது. வழியில் இன்னும் இரண்டு இடத்தில் நின்று, ஆறி, ஒருவாறு வீடு வந்து சேர்ந்தார்கள். அப்பா நேரே குசினிக்குள் போனார்.

"நிறஞ்சனா, உடுப்பை அடுக்கும். நாளைக்குக் கிறேஸக்கா வீட்டை போவம்," என்றார். "கார் வழியில நிக்குதப்பா. என்னால அதைத் திருத்தேலாமல் கிடக்கு."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினா. அப்பா பயந்துபோனார். அது நிம்மதியில் வந்த அழுகை என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மறுநாள் பஸ்ஸில் எல்லாப் பைகளையும் அப்பாவே தூக்கினார். பாடசாலை விடுமுறை என்பதால் ரூபியும் பெரியம்மா வீட்டில் தங்கி நின்றாள். அப்பா மட்டும் ஊருக்குத் திரும்பினார்.

கணபதி எங்கோ உடைத்துப் போட்டிருந்த காரில் இருந்து பழைய கொண்டென்சர் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினாராம். "இதை ஆசுபத்திரிவரை நாலைஞ்சு தரம் ஓடிப் பாத்தாப் பிறகுதான் ஆரையும் ஏத்துவன்," என்று அப்பா போனில் சொன்னார்.

ஓடிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. குறித்த நாளுக்கு முன்னரே அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. பெரியம்மா அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினா. சீற்றில் ரூபி சரியாக உட்காருவதற்குள் ஆசுபத்திரி வந்துவிட்டது.

அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் தாதிமார் ஓடினார்கள். டொக்டரும் ஓடினார். கதவு மூடிக்கொண்டது. பெரியம்மா செபமாலையைக் கையில் எடுத்தா. ரூபிக்குச் செபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "கடவுளே, கடவுளே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு தாதி வெளியே வந்தா.

"ஆம்பிளைப் பிள்ளை. கொப்பூழ்க்கொடி அவன்ர கழுத்தில சுத்தியிருந்தது. உடன ஒப்பரேஷன் செய்ததால தாயும் பிள்ளையும் தப்பிட்டினம். நல்லகாலம், கிட்ட இருந்திருக்கிறா. கொஞ்சம் பிந்தியிருந்தா..."

அந்த வசனத்தை அவ முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை.

செய்தி கேட்டு அப்பா பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. போட்டிருந்த சேட்டில் கடல் மணம். ரூபியைக் கண்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டார். கிட்ட வந்து கேட்க அவருக்குத் துணிவு இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரூபி வாயைத் திறப்பதற்குள், உள்ளே இருந்து ஓர் அழுகைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"தம்பி, அப்பா," என்றாள் ரூபி.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தம்பி விடாமல் அழுதான். அவனை அழாதே என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை.