கண்ணாடி வீட்டில் ஒரு பதியம்

என் மனைவியைத் திருடி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். செடி இருக்கும் இடங்களில் மட்டும்தான் அவள் திருடுவாள். பூங்கா, வங்கி வாசல், பல் டாக்டர் வீட்டுத் தொட்டி என்று எங்கே போனாலும் ஒரு கிளை நுனி அவள் கைப்பைக்குள் போய்விடும். கட்டைவிரல் நகத்தால் சாய்வாகக் கிள்ளுவாள். அப்படிக் கிள்ளினால்தான் வேர் பிடிக்குமாம். எங்கள் பால்கனியில் கடையில் வாங்கிய செடி என்று ஒன்றுகூடக் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். நான், அவள், மகள், மாப்பிள்ளை. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் நுனிகளில் கிரீஸ் போகாது.

பூங்காவின் நடுவில் கண்ணாடி வீடு. வெப்ப நாட்டுச் செடிகளுக்காக உள்ளே எப்போதும் புழுக்கமாக வைத்திருக்கிறார்கள். மகள் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ளே போய் வேகறதுக்கு நான் என்ன முட்டையாப்பா? நீங்க போயிட்டு வாங்க."

தண்ணீர்க் குழாயோடு நின்ற தோட்டக்காரம்மா கதவைக் காட்டினாள். "முதல் கதவு மூடினப்புறம்தான் ரெண்டாவது கதவைத் திறக்கணும். உள்ளே இருக்கறது எதுவும் வெளியே வரக் கூடாது."

சொல்லும்போது அவள் பார்வை கைப்பை மேல் இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

உள்ளே ஈர மண் வாசனை மூக்கில் அப்பியது. மேலே ஓடிய குழாய்களிலிருந்து பனி மாதிரி தண்ணீர் சீறிக்கொண்டே இருந்தது. மற்ற செடிகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை இருந்தது. மூலையில் நின்ற ஒன்றுக்கு மட்டும் இல்லை. கறுப்பான இலை, முடி முடியாகத் தொங்கும் விழுது.

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். எனக்குப் பழகிய சத்தம்தான்.

சீறல் நின்றது.

"போலாமா?" என்றாள் மனைவி, ஒன்றும் தெரியாதவள் போல.

கதவைத் திறந்தோம். இரண்டு கதவுகளுக்கும் நடுவே அலமாரி அகலத்தில் ஓர் இடம். முதல் கதவை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தோம்.

கண்ணாடி வீடு.

மூலையில் அதே செடி. கிள்ளிய இடத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"கதவுன்னா ரெண்டே கோளாறுதான் மாமா," என்றார் மாப்பிள்ளை. "ஒண்ணு சென்சார். இல்ல, யாராவது தொடக் கூடாததைத் தொட்டிருப்பாங்க."

மறுபடியும் போனோம். மறுபடியும் உள்ளேயே வந்தோம். செடி மூலையில் இல்லை. பாதை ஓரத்துக்கு வந்திருந்தது.

மாப்பிள்ளையின் முகத்தில் லிஃப்ட் கயிறு அறுந்துவிட்ட களை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டினேன். கத்தினேன். அவள் நிமிரவில்லை. அப்போதுதான் கண்ணாடியின் அடிப்பக்கம், நீராவியில், உள்ளங்கைத் தடங்கள் தெரிந்தன. கணுக்கால் உயரத்தில். பொம்மைக் கை அளவு. குழந்தைகள் விளையாட்டு என்று குனிந்து பார்த்தேன். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன, என் விரல்களைப் போல.

"உள்ளே போட்டதை எடு," என்று கிசுகிசுத்தேன்.

"மாப்பிள்ளை முன்னாடி மானத்தை வாங்காதீங்க."

"அத்தை," என்றார் மாப்பிள்ளை, "எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும். எடுங்க."

கைப்பையைத் திறந்தாள். கிளை அதற்குள் வேர் விட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைச் சுற்றி, சாவியைச் சுற்றி, வெள்ளை வெள்ளையாக. பிய்த்து எடுத்து, செடியின் காலடி மண்ணில் ஊன்றினாள். அவளுடைய இரண்டு கைகளையும் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சீறல் தொடங்கியது. புகை மாதிரி ஈரம் கவிந்தது.

"பின்னாடி யாருங்க?" என்றாள் மெல்ல.

டக்.

இந்த முறை அவள் கைகள் என் கைக்குள் இருந்தன.

கதவு திறந்தது. வெளியே வெயில், பெஞ்ச், மகள்.

"என்னம்மா இது? பின்னல் நுனி எங்கே?"

சாய்வாகக் கிள்ளியிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அவள் இளைக்கத் தொடங்கினாள். வளையல் முழங்கை வரை ஏறியது. மதியம் ஆனால் பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டும். "அங்கே தண்ணி விடறாங்க," என்பாள், மழை வருகிறது என்று சொல்வது போல. ஒருநாள் சொன்னாள்: "வேர் பிடிச்சுடுச்சுங்க. அங்கே வளர வளர இங்கே குறையறேன்."

மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினார். மதியம் ஃபோன் வந்தது.

"கிடைச்சுடுச்சு மாமா. ஒரு தொட்டியிலே இருக்கு. நரைமுடி. முடிக்குக் கீழே..." நிறுத்தினார். "தூக்கிட்டேன். கதவுக்கு வந்துட்டேன்."

ஒரு கதவு மூடும் சத்தம். இன்னொன்று திறக்கும் சத்தம். பிறகு சீறல்.

"மாமா, மறுபடியும் உள்ளேயே இருக்கேன்."

அவர் குரலுக்குப் பின்னால், மிகச் சின்னதாக, என் மனைவியின் குரல்: "ஏங்க... கதவைத் திறங்க."

என் மனைவி எனக்கு எதிரில், வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். மகளின் அறைப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"இருந்த இடத்திலேயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க," என்றாள். "அவ புருஷன் அவளுக்கு வேணும்."

வைத்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து தலையில் தொப்பி. வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை.

இப்போது என் மனைவியை நாற்காலியோடு சேர்த்து நானே தூக்கி ஜன்னலோரம் வைத்துவிடுவேன். தூக்குவது நாற்காலியின் கனத்தை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குப் போய், வெளியே நின்றபடி, கண்ணாடியின் அடிப்பக்கம் குனிந்து அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன். நான் தட்டினால் நீராவியில் அவள் உள்ளங்கை பதியும். முன்பு பொம்மைக் கை அளவு. இப்போது கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

போன வாரம் அதன் பக்கத்தில் புதிதாக இன்னொன்று. பொத்தான் அளவுதான்.

விரல் நுனிகளில் கிரீஸ்.