இனியன் அறையின் ஈரம்

காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரை நேற்றே அணைத்தாயிற்று. அதில் தண்ணீரும் இல்லை. அப்படியிருக்க, மகன் அறை ஜன்னலில் மட்டும் உள்பக்கமாக நீர் வழிந்துகொண்டிருந்தது வசந்தாமணிக்குப் பிடிக்கவில்லை.

வெளியே பிரிட்ஜ்வாட்டர் ஊர் முழுக்க இடுப்பளவு பனி. காரேஜ் கதவு திறக்கவில்லை, ரோட்டையே காணோம், ஆபீஸ் வேலையாகச் சிகாகோ போன கணவன் திருமூர்த்திக்குத் திரும்பிவர விமானமும் இல்லை. ஹீட்டர் ஓடி ஓடிக் காய்ந்துபோன வீட்டில் ஆஸ்துமாக்காரப் பிள்ளையோடு அவள் தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு வயது இனியனுக்கோ கொண்டாட்டம். ஸ்கூல் ப்ராஜெக்ட் என்று பச்சைக் காகிதத்தை வெட்டி வெட்டி, கட்டிலைச் சுற்றிச் சுவரெல்லாம் அமேசான் காட்டை ஒட்டியிருந்தான்.

"இட்ஸ் பிக்கர் தேன் இந்தியா, அம்மா. இட் மேக்ஸ் இட்ஸ் ஓன் ரெயின்."

"அதெப்படி சாமி?"

"ட்ரீஸ் ப்ரீத் அவுட் வாட்டர்." சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு இளைத்தது.

மதியம் தூங்கியவனிடம் மூச்சோடு எப்போதும் வரும் அந்த விசில் சத்தமே இல்லை. கதவருகே நின்று கேட்டுப் பார்த்தாள். சுத்தமாக இல்லை. திருமூர்த்தி போனில் கூப்பிட்டான்.

"ஏனுங்க, இன்னைக்கு வீஸிங்கே இல்லீங்க." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்புறம் என்ன? எழுப்பாத. நல்லா தூங்கட்டும்."

எழுப்பவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்தாள். ஹால் கார்ப்பெட் காலில் சதசதவென்று பட்டது; மாடிப்படி வழியாக ஈர மண் வாசனை இறங்கி வந்தது, அதனடியில் மக்கிய இலைகளின் நாற்றம்; மேலே ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டர் நின்றது. இன்னொரு சத்தம் நிற்கவில்லை. மெதுவாக உள்ளே இழுத்தது. மெதுவாக வெளியே விட்டது.

ஓடினாள்.

கதவு வெதுவெதுப்பாக இருந்தது. தள்ளினாள். பட்டப்பகலில் இருட்டு.

காகிதக் காடு ஒட்டிய சுவர்கள் உப்பின. அடங்கின. மறுபடி உப்பின.

இனியன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். மார்பு அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்தாள்.

காற்றே இல்லை.

"சாமி, மூச்சு விடுடா!"

அவன் உதடு அசையவில்லை. குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது, எல்லாப் பக்கமிருந்தும்.

"ஐ டோண்ட் ஹாவ் டு, அம்மா."

வாரியெடுத்தாள். அவன் முதுகு மெத்தையை விட்டு வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

வீடு முழுக்க இளைத்தது.

இன்னும் இழுத்தாள். கூரையிலிருந்து தரைவரை அவள் பிள்ளை மூச்சுக்குத் திணறினான்.

வசந்தாமணி மெல்லக் கையை எடுத்தாள்.