எட்டுக் கொம்புப் பெட்டி

"இருக்கறதுலயே பெருசா ஒண்ணு குடுங்க."

மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் கவுன்ட்டர் முன்னால் வந்து நின்றாள். வயர் இழுக்காமல் வீட்டுக்கு இன்டர்நெட் தரும் பெட்டிகள் அந்தச் சின்னக் கடையில் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்தன. அவள் விரல் நேராக மேல்தட்டில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டியது. அதற்கு எட்டு ஆன்டெனா. மல்லாந்து கிடக்கும் சிலந்தி மாதிரி இருந்தது.

"எத்தனை சுவர்?" என்றான் கடைக்காரன்.

"என்னது?"

"டவர்லேர்ந்து சிக்னல் உங்க ரூமுக்கு வர எத்தனை சுவரைத் தாண்டணும்?"

"நான் பெட்டி வாங்க வந்திருக்கேன் சார். வீட்டை விக்க வரலை."

அவன் சிரித்துவிட்டான். ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சி... ஆனால் அந்தக் கண்கள்! அவள் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களை அளந்து அளந்து அலுத்துப்போனவள். அப்படிப்பட்டவளே ஒரு நொடி திணறித்தான் போனாள். சிரிக்கும்போது இடது கண் மட்டும் கொஞ்சம் சின்னதாகிறதே, ஏன்? சீ... வந்த வேலையைப் பார்!

"கோவிச்சுக்காதீங்க மேடம். தொட்டியில தண்ணியே ஏறலைன்னா வீடு முழுக்க எட்டுக் குழாய் போட்டு என்ன பிரயோஜனம்? இந்த ஆன்டெனா எல்லாம் வீட்டுக்குள்ள பரப்பறதுக்கு. முதல்ல டவர் சிக்னல் பெட்டிக்கு வந்து சேரணும். நான் ஒரு தடவை வீட்டை வந்து பார்த்துட்டு எது வேணும்னு சொல்றேன். இதுல பாதி விலையிலகூட முடிஞ்சிடலாம்."

பாதி விலையா? அவளுக்குச் சுருக்கென்றது. நனைந்த செருப்பையும் பழைய கைப்பையையும் பார்த்து எடை போடுகிறானோ? அதுவும் முன்பின் தெரியாத ஆளை, அப்பா தனியாக இருக்கும் வீட்டுக்குள் எப்படி விடுவது?

"எங்களுக்கு வாங்க வக்கிருக்கு. பில் போடுங்க."

அவன் முகம் வாடிவிட்டது. விலாசம் கேட்டு, பேசாமல் பில் போட்டான். அதன் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதி நீட்டினான். "கடைக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் உங்க வீடு. ஏதாச்சும் பிரச்சினைன்னா கூப்பிடுங்க..."

கூப்பிட்டுக் கிழித்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவள் மழைக்குள் இறங்கினாள்.

அவள் அவசரம் அவளுக்குத்தானே தெரியும்! மூன்று வாரத்துக்கு முன்னால், வேலை முடிந்து அவள் கதவைத் திறந்தபோது அப்பா குளியலறைத் தரையில் கிடந்தார். விழுந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பிழைத்ததே பெரிது. "மயக்கம் மறுபடியும் வரலாம், தனியா விடாதீங்க" என்றார் டாக்டர். சொல்வது சுலபம். அம்மா போய்ப் பத்து வருஷம், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை, அவள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால்தான் அப்பாவின் அறையில் ஒரு கேமரா, அதைப் பார்க்க அவள் கையில் போன், இரண்டுக்கும் நடுவில் இந்த இன்டர்நெட். அப்பா விழுந்த அன்றிலிருந்து, சாவியைப் பூட்டில் நுழைக்கும்போதே அவள் குரல் கொடுப்பாள். "அப்பா" என்று கூப்பிட்டுப் பதில் வரும்வரை மூச்சே வராது.

எட்டுக் கொம்புப் பெட்டி வந்தது. ஆனால் அது வேலை செய்த இடம் ஒன்றே ஒன்றுதான்... அப்பாவின் தலைமாட்டு ஸ்டூல். அங்கேயும் ஒழுங்காகச் செய்ததா? படம் நாலு நிமிஷம் ஓடும், ஒரு நிமிஷம் உறையும். ஒட்டடைக்குச்சி சொன்னது சரிதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. போய்க் கேட்பதுதானே? அங்கேதான் கௌரவம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை பகல். ஒரு பெரியவரின் கண்ணை அளந்து முடித்துவிட்டு அவள் போனைப் பார்த்தாள். பகீரென்றது.

அப்பா நாற்காலியிலிருந்து தரையை நோக்கிக் கவிழ்ந்திருந்தார். ஒரு கை கீழே தொங்கியது. படம் அதோடு உறைந்திருந்தது. ஒரு நிமிஷம்... ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம். அப்பாவின் போனுக்கு அடித்தாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. வீட்டுக்குள் இருக்கும் மனிதர் எப்படி எல்லைக்கு வெளியே போவார்? கடவுளே, எந்த எல்லை?

முதலாளியிடம் சொன்னாளா, ஓடிவந்தாளா, அவளுக்கே தெரியாது. பஸ் பிடித்தாலும் நாற்பது நிமிஷம். கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்து அந்த பில்லைத் தேடி எடுத்தாள்.

"ஹலோ... நான்... அன்னிக்கு எட்டு ஆன்டெனா..."

"தெரியும். சொல்லுங்க."

"அப்பா விழுந்துட்டார்னு நினைக்கிறேன். தனியா இருக்கார். எனக்கு யாரும் இல்ல சார்..."

ஷட்டர் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தடதடவென்று கால்கள். "ஓடிட்டிருக்கேன். போனை வைக்காதீங்க."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். மழை, அவன் இரைப்பு, கேட் கிறீச்சிடும் ஓசை.

"கதவு பூட்டியிருக்கு. தட்டறேன்... பதில் இல்ல. பின்னாடி ஜன்னல் இருக்கா?"

"இருக்கு... சீக்கிரம்..."

அதன்பின் அவன் பேசவில்லை. ஏன் பேசவில்லை? பார்த்துவிட்டானா? சொல்ல வாய் வரவில்லையா? அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.

"எவன்டா அவன்? மண்டையைப் பொளந்துடுவேன்!"

அப்பா! அப்பாவின் குரலேதான்! திட்டுதான்... ஆனால் பிறந்ததிலிருந்து இத்தனை இனிமையாக எதையும் அவள் கேட்டதில்லை. நடு பஸ்ஸில் வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மடியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே, பிடிபட்ட திருடன் மாதிரி, சொட்டச் சொட்ட அவன். தலைமாட்டு ஸ்டூலில் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. தூக்கினாள். உள்ளே சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு பெட்டி. பக்கத்திலேயே அப்பாவின் போன்!

"ரெண்டும் கதிர் விடுதாம். தலைமாட்டுல வச்சுக்கிட்டு எப்படிம்மா தூங்கறது? அதான் குனிஞ்சு அண்டாவை எடுத்து மூடினேன். சித்த நேரம் நிம்மதியாக் கண்ணசந்தேன்."

"நான் செத்துப் பிழைச்சேன்ப்பா!"

"நீ மட்டும்தான் பயப்படணுமா? எனக்குப் பயம் இருக்காதா? பத்தாததுக்கு அந்தக் கேமரா வேற. நான் சொறிஞ்சாக்கூட நீ பார்க்கற. என்னைக் காவல் காத்தே உன் வயசு போயிடும் போலிருக்கு. ஒரு பெட்டியும் வேண்டாம். தூக்கி எறி!"

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவன் முன்னால் மானம் வேறு போகிறது.

"ஐயா," என்றான் அவன் மெதுவாக, "அந்தக் கதிரால ஒண்ணும் ஆகாது. ஆனா பயம்னா பயம்தான், அதைப் பேசிப் போக்க முடியாது. வெளிச்சுவர்ல, டவரைப் பார்த்த மாதிரி ஒரு ரிசீவர் மாட்டிடலாம். அங்கேர்ந்து ஒரு வயர் இழுத்துக் கூடத்துல சின்னப் பெட்டி, உங்க கட்டிலுக்கு ரொம்பத் தள்ளி. கேமராவே வேண்டாம். கழுத்துல ஒரு பட்டன் போட்டுக்குங்க. அழுத்தினா இவங்க போன் அடிக்கும்."

"மயங்கி விழுந்தா யார் அழுத்தறது?" என்றாள் அவள்.

"விழுந்தா அதுவே அடிக்கும். கழட்டாம இருக்கணும், அவ்வளவுதான். ஐயா, உங்களுக்குச் சம்மதமா? இல்லேன்னா வேற பார்க்கலாம்."

அப்பா கைத்தடியைக் கீழே வைத்தார். "எனக்கு வாங்கற சாமானுக்கு என்னைக் கேட்ட முதல் ஆள் நீதான் தம்பி."

அவள் தலை குனிந்துகொண்டாள். சரிதானே... அவரை ஒரு வார்த்தை கேட்டாளா அவள்?

ஞாயிற்றுக்கிழமை அவன் ஏணியோடு வந்தான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. "விட்டப்புறம் ஏறுங்களேன்" என்றாள். "ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம்" என்று ஏறிவிட்டான். ஈரப் படியில் அவன் கால் ஒரு தடவை வழுக்கியபோது அவளுக்கு உயிர் போய் வந்தது. ஏணியைப் பிடித்த கை வலிக்க வலிக்க விடவே இல்லை.

உள்ளே அப்பா பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவள் போன் உடனே அடித்தது. ஆறாவது தடவைக்குப் பிறகு அவருக்கே அலுத்துவிட்டது.

அவன் இறங்கி ஏணியை மடக்கினான். "முடிஞ்சுது. இனிமே பிரச்சினையே வராது. பழைய பெட்டியை நானே எடுத்துக்கறேன்."

பிரச்சினை வராதென்றால்... இவனும் வரமாட்டானா? அவள் உள்ளே போகவில்லை. அவனும் போகாமல் நின்றான். சிரிப்பு இல்லாததால் அந்தக் கண்கள் இரண்டும் ஒரே அளவாக இருந்தன.

"ஒண்ணு சொல்லணும். சொல்லவும் பயமா இருக்கு... அன்னிக்கு ஜன்னல்கிட்ட நின்னேன் இல்ல? உள்ள எட்டிப் பார்க்கறதுக்குக் கால் வரலை. உங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, அதை நான்தானே உங்ககிட்ட சொல்லணும்? நீங்க அழறதை நான் எப்படிக் கேட்பேன்னு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. ஒரே ஒரு தடவை பார்த்த, அதுவும் சண்டை போட்டுட்டுப் போன பொண்ணுக்காக ஒருத்தன் இப்படி நடுங்குவானா? அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. தப்புன்னா சொல்லிடுங்க, போயிடறேன்."

அவள் கண் நிறைந்தது. அவன் பயந்துபோய் ஏணியைத் தூக்கப் போனான். அவள் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாளா ஒருத்தருக்காகத்தான் பயந்துக்கிட்டிருந்தேன். இப்ப ரெண்டு பேர் ஆயிட்டீங்க... இனிமே மழையில ஏணி ஏறாதீங்க."