உச்சமுனையில் ஆட்டம் விழுகிறது!

ட்ரிங்...!

மேசையில் கிடந்த போன் துள்ளியது.

றஸீன் சோம்பலாய் எட்டிப் பார்த்தான். இன்னொரு முறைப்பாடு. இன்றைக்குப் பதினேழாவது.

கற்பிட்டியில், கருவாடு காயப்போடும் ஒரு வாடியின் மேல்மாடியில் இருந்து, அவனும் அஸ்மியும் செய்த கணினி ஆட்டம் 'அலைவேட்டை'. புத்தளம் களப்பை அப்படியே உள்ளே இறக்கி, கட்டம் கட்டமாய்ப் பிரித்து, வள்ளம் ஓட்ட விட்டிருந்தார்கள். முழுதாய் முடியுமுன்பே வெளியிட்டும் ஆயிற்று. எங்கே ஆட்டம் திடீரென்று நின்று 'விழுகிறது' என்று ஆடுகிறவர்கள் எழுதுவார்கள். செய்தவர்கள் திருத்துவார்கள். அதுதான் ஏற்பாடு.

எழுதுகிறவர்கள் எழுதினார்கள். திருத்துகிறவர்கள்...?

றஸீன் பதில் போடுவதற்குள் கருவாடு காய்ந்துவிடும். அதுவும் மாரி மழையில்!

அஸ்மி இருந்தால் போட்டிருப்பான். அவன் காணாமல் போய்ப் பத்தொன்பது நாள்.

றஸீன் வேண்டாவெறுப்பாய் வாசித்தான்.

'உச்சமுனைக்குத் தெற்கே, கட்டம் நாற்பத்தொன்றில் வள்ளத்தை நிறுத்தினால் ஆட்டம் விழுகிறது. தண்ணீருக்கு அடியில் என்னமோ இருக்கிறது. - நண்டுக்கால்.'

கையிலிருந்த பிளேன்டீ மடியில் கவிழ்ந்தது. சூடு உறைக்கவில்லை!

கட்டம் நாற்பத்தொன்று...

நிசக் களப்பில் அதே இடத்தில்தான், கல்லோடு சேர்த்துக் கட்டி, அஸ்மியை இறக்கியிருந்தான்.

சண்டை பெரிதாய் ஒன்றுமில்லை. ஆட்டம் தொடங்கும்போது திரையில் யார் பெயர் முதலில் வருவது என்பதுதான். அகரவரிசைப்படி போடுவோம் என்றான் அஸ்மி. றஸீன் துடுப்பை எடுத்தான்.

இப்போது விரல்கள் பறந்தன.

'அங்க ஒண்டும் இல்ல! ஏன் அங்க போனீங்க? யாரிட்டயும் சொன்னீங்களா?'

அனுப்பிய கையோடு ஆட்டத்தைத் திறந்தான். கட்டம் நாற்பத்தொன்றில் வள்ளத்தை நிறுத்தினான்.

விழவில்லை.

பத்துத் தரம்... இருபது தரம்... ஊஹூம்! நீலத் தண்ணீர் சாதுவாய் அசைந்தது.

அது இன்னும் பயமாயிருந்தது.

அந்தக் கட்டம் முழுக்கப் பாறையை அடுக்கினான். இனி ஒரு வள்ளமும் கிட்ட வராது. புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டுத்தான் மூச்சே விட்டான்.

மறுநாள் மதியம், ளுஹர் பாங்கு ஓயுமுன், கதவு தட்டப்பட்டது.

ஃபஹ்மியா. அஸ்மியின் தங்கை. அவளுக்குப் பின்னால் பொலிஸ் சார்ஜன்ட் பீற்றர்.

"வா தங்கச்சி... அஸ்மிட சேதி ஏதும்...?"

"நீங்கதான் சொல்லணும், றஸீன் நானா. நண்டுக்கால் நான்தான்."

"நீயா! அது... சின்னப் பிழை. திருத்திட்டேன்."

"ஓம், பாத்தேன். பாறை நல்ல வடிவு. ஆனா அங்க பிழையே இல்லயே? நான் எழுதினது பொய்."

"பொய்யா?"

"கடைசியா அஸ்மி நானா ஒங்களோட வள்ளம் ஏறினத வாடில ஒரு ஆள் பாத்திருக்கு. நீங்க இல்லெண்டு சத்தியம் பண்ணினீங்க. அவ்வளவு பெரிய களப்ப எங்க துழாவுற? ஒங்கட படத்துல அறுபத்திநாலு கட்டம். அறுபத்திநாலு கள்ளப் பேர்ல, கட்டத்துக்கு ஒண்டா எழுதிப் போட்டேன்."

றஸீன் கதவைப் பார்த்தான். அங்கே பீற்றர் நின்றார்.

"அறுபத்திமூணுக்கு இண்டைக்கு வரைக்கும் பதில் இல்ல. ஒண்டுக்கு மட்டும் நாலு நிமிசத்துல வந்திச்சு!"

பீற்றரின் போன் அலறியது. காதில் வைத்தார்.

"ம்... ஓம்... நாப்பத்தொண்டுலயே? கல்லோடயா? சரி, தூக்குங்க."

அவர் ஃபஹ்மியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அவள் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"ஒரு கட்டத்துக்கும் பதில் வரக்கூடாதெண்டுதான் துஆ கேட்டேன், நானா..." என்றாள். "நேத்து வரைக்கும்... வராம இருந்திச்சு."

கீழே வாடியில் யாரோ காகம் விரட்டினார்கள்.

"சேர்... நான் வேணுமெண்டு செய்யல்ல..." றஸீன் உளறினான். "அவசரப்பட்டு ஒரு பதிலப் போட்டுட்டேன்..."

பீற்றர் விலங்கைப் பூட்டினார்.

"அதுதான் தம்பி பிழை! நானும் முப்பது வருசமா முறைப்பாடு எடுக்கிறேன். ஒண்டுக்கும் உடன பதில் சொன்னதில்ல... பாரும், இன்னும் ஜெயிலுக்கு வெளியிலதானே நிக்கிறேன்!"