பெரிய மீன் அவருக்கு

டேபிளில் செல்போன் அலறியது.

எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்..? வாயோரம் நுரை தள்ள, மீன் தட்டுக்குப் பக்கத்திலேயே தலையைச் சாய்த்து, ஒரேயடியாய்ப் போய்ச் சேர்ந்திருந்தார்!

ஹோட்டலின் மொட்டைமாடி ரெஸ்டாரன்ட். எதிர் நாற்காலியில் மனைவி. அழவில்லை. கத்தவில்லை. கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் போனை எட்டிப் பார்த்தார். 'பிளம்பர்' என்றது திரை. எடுத்துக் காதில் வைத்தார்.

"முடிஞ்சுதா..?"

பெண் குரல்!

"யார் பேசறது?" என்றதுமே லைன் கட்.

"உங்க வீட்டு பிளம்பர் லேடியாம்மா?"

"தெரியாது சார். மாசக்கணக்கா தினமும் போன் வருது. வீட்டுக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்கு."

அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"இன்னைக்கு எங்கெல்லாம் போனீங்க?"

"காலைல மியூசியம். அப்புறம் மணிக்கூண்டு. சாயங்காலம் படகுல ஒரு ரவுண்டு. கல்யாணமாகி இருபது வருஷத்துல அவரா கூட்டிட்டு வந்த முதல் டூர் சார். திடீர்னு என்ன இவ்வளவு அக்கறைன்னு எனக்கே ஆச்சரியம்."

கான்ஸ்டபிள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார்! கேமரா பார்த்துட்டேன்! இந்தம்மா கை கழுவப் போன கேப்ல இந்த ஆளு பாக்கெட்லேர்ந்து பொட்டலத்தை எடுத்து இவங்க தட்டுல தூவறாரு! தூவிட்டு, போன் பேச எழுந்து போறாரு. இவங்க திரும்பி வந்து... ரெண்டு தட்டையும் மாத்தி வைக்கறாங்க சார்!"

இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினார்.

"ஏம்மா மாத்தினீங்க?"

"பழக்கம் சார். ரெண்டு பேருக்கும் எது வந்தாலும் பெருசு அவருக்கு. மத்தியானம் ஐஸ்கிரீமைக்கூட மாத்தித்தான் வெச்சேன். அவர் ஒரு நாளும் கவனிச்சதில்லை. போனைப் பார்த்துட்டே சாப்பிடுவார்."

இன்ஸ்பெக்டருக்கு மனசு கனத்தது. பாவி மனுஷன்! இருபது வருஷமாய்த் தன் தட்டுக்கு வந்த பாசத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அதனாலேயே செத்திருக்கிறான்.

"ரூமுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கம்மா. காலைல ஸ்டேட்மென்ட் குடுத்தா போதும்."

அவள் எழுந்தாள். கான்ஸ்டபிள் பரிசோதனைக்காகத் தட்டுகளை எடுத்தார்.

இன்ஸ்பெக்டரின் பார்வை தற்செயலாக அவற்றின் மேல் விழுந்தது.

விழுந்த பார்வை நகரவில்லை!

இறந்தவர் தட்டில் பாதி தின்ற மீன்... முழுசாக இருந்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவள் தட்டில் முள் மட்டும்தான். அது தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை...!

"ஒரு நிமிஷம்மா! பெரிய மீன் முதல்லயே அவர் தட்டுலதானே இருந்திருக்கு..? அப்புறம் எதுக்கு மாத்தினீங்க?"

அவள் நின்றாள். கை கழுவும் இடத்தைக் காட்டினாள். குழாய்க்கு மேலே அகலமாய் ஒரு கண்ணாடி. அதில் இந்த டேபிள் பளிச்சென்று தெரிந்தது!

"எல்லாம் மரத்துப்போச்சு சார். கோபம்கூட வரலை. பசிதான் வந்தது."

விலங்குக்காகக் கைகளை நீட்டினாள்.

"இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் பெரிய மீனை நான் சாப்பிட்டேன். உப்புதான் கொஞ்சம் கம்மி சார்!"